கண்ணுக்குத் தெரியாத வரவு

மச்சான் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். எண்பதுகளின் தொடக்கம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேங்குக்கு அக்காவையும் என்னையும் கூட்டிப்போனார். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறியதிலிருந்து அக்கா ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் லீவு முடிகிறது. மறுபடி போவாரா, இங்கேயே இருந்துவிடுவாரா என்று மச்சான் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்குக் கேட்கப் பயம். போகிறேன் என்று சொல்லிவிட்டால்?

நான் பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். பேங்கில் எனக்கு என்ன வேலை? சும்மா தொற்றிக்கொண்டு போனேன்.

மச்சான் அங்கிருந்து கொண்டுவந்த டிராஃப்டை நீட்டினார். ஆபீசர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இது சம்பளந்தானே சார்? சாமான் எதுவும் வித்த காசு இல்லையே?"

"மச்சானையே வித்தாலும் இவ்ளோ தேறாது சார்," என்றேன். அக்கா முறைத்தாள்.

"அதுக்கில்ல தம்பி. வெளிநாட்டுலேருந்து வர்ற காசு எதுக்கு வந்துச்சுன்னு நாங்க கவர்மென்ட்டுக்குச் சொல்லியாகணும். சாமான் போனா துறைமுகத்துலயே பார்த்து எழுதிக்குவாங்க. ஆளு போய் உழைச்சு அனுப்புற காசுக்கு அப்படிப் பார்க்க எதுவும் இல்லையே? அதுக்கு இன்விசிபிள்னு பேரு. கண்ணுக்குத் தெரியாத வரவு."

விடுவேனா? "இவ்ளோ பெரிய தொப்பை கவர்மென்ட் கண்ணுக்குத் தெரியலையாமே மச்சான்!"

மச்சானே சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

"சரியாத்தான் பேரு வச்சிருக்காங்க சார். புள்ளைக்கு இவங்களை போட்டோலதான் தெரியும். வந்து எறங்கின அன்னிக்கு, யாரும்மா இந்த மாமான்னு கேக்குது."

ஆபீசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், திரும்பிப் போறதா இருந்தா உங்க வெளிநாட்டுக் கணக்குலயே போட்டுடறேன். இங்கயே இருக்கறதா இருந்தா அதை உள்ளூர்க் கணக்கா மாத்தணும். எப்படி?"

வீட்டில் யாரும் கேட்கத் துணியாததைக் கவர்மென்ட் கேட்டுவிட்டது.

மச்சான் பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, மேஜையிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"கண்ணுக்குத் தெரியற கணக்குல போடச் சொல்லுங்க."

அப்படி ஒரு கணக்கு எந்த பேங்கிலும் கிடையாது. ஆபீசர் அவளைத் திருத்தவில்லை. மச்சானைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"உள்ளூர்க் கணக்கா மாத்த எங்க சார் கையெழுத்துப் போடணும்?" என்றார் மச்சான்.

"போச்சு! இனிமே எனக்கு ஃபாரின் சென்ட்டு யாரு தருவா?" என்றேன். இருவர் காதிலும் அது விழவில்லை.

ஆபீசர் காட்டிய இடத்தில் மச்சான் பேனாவை வைத்தார். எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் எழுதவில்லை. அதற்குள் அக்கா, ஒரு வார்த்தை கேட்காமல், ஆபீசரின் சட்டைப்பையிலிருந்த பேனாவையே உருவி மச்சான் கையில் கொடுத்துவிட்டாள்.