கொல்லத்தில் பஸ்ஸை விட்டுப் படகேறியது

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் விடியற்காலை நாலரை மணிக்கு ரயில் ஏறும்போதே என் மனைவி பேச்சியம்மாள் மூன்றாவது தடவையாகக் கேட்டாள்: "அண்ணனுக்குப் போட்ட லெட்டர் சேந்திருக்கும்லா?"

"சேந்திருக்கும்ட்டி. ஒன்றரை மணி பஸ்ல வாரோம்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கேன். சும்மா வா" என்றேன்.

எண்பத்தொன்றாம் வருஷம், ஆனி மாதம். அவள் அண்ணன் மாரியப்பன் ஆலப்புழையில் எலுமிச்சங்காய்க் கடை வைத்திருந்தார். சரக்கெல்லாம் நம்ம புளியங்குடியிலிருந்துதான் போகும். மனுஷனுக்கு இருதயக் கோளாறு. ஊர்ப்பயணமே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் சின்ன மகள் கோமதிக்கு மூன்று வயது. காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கம் காதுகுத்து ஏது? மாமன் வர முடியாவிட்டால் பிள்ளை போக வேண்டியதுதானே என்று கிளம்பிவிட்டோம். 'அவளை ஒரு தடவை மடியில வச்சிட்டாப் போதும்' என்று மச்சான் எழுதியிருந்தார். மறுநாள் காலை ஏழரைக்கு முகூர்த்தம்.

தென்காசியில் சாரல். செங்கோட்டை தாண்டி, குகைக்குள் புகுந்து வெளியே வந்தால் மலை முழுக்க மேகம். புனலூரில் ஆளுக்கொரு காப்பி குடித்தோம்.

பத்து மணிக்குக் கொல்லம். அங்கே பஸ் நிலையமும் படகுத்துறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. அதுதான் வினையாகப் போயிற்று. பஸ் என்றால் எண்பத்தைந்து கிலோமீட்டர், மூன்று மணி நேரம், ஏழு ரூபாய். படகு என்றால் காயல் என்கிற உப்பங்கழி வழியாக எட்டு மணி நேரம், நாலரை ரூபாய். பஸ்ஸில் படிவரைக்கும் ஆள். படகோ பாதிக்கு மேல் காலி.

"அப்பா, கப்பல்!" என்று பெரியவள் வள்ளி என் கையைப் பிடித்து இழுத்தாள். எட்டு வயது அவளுக்கு.

"வேண்டாங்க. அண்ணன் பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பான்" என்றாள் பேச்சி.

"நின்னு பாத்துட்டு வீட்டுக்குப் போயிருவாரு. முகூர்த்தம் நாளைக்குத்தான? வீட்டுல ஓடுற நாலு தறிச் சத்தத்துலயே காது செத்துப்போய்க் கிடக்கு. ஒரு நாள் சும்மா உக்காந்து தண்ணியைப் பாத்துட்டுப் போவோமே!"

நான் ஒரு பிடிவாதக்காரன். தண்ணீரில் பாசி அடைத்துக் கிடக்கிறது, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேராது என்று டிக்கெட் கொடுத்தவர் அரைகுறைத் தமிழில் எச்சரித்தார். அதையும் காதில் வாங்கவில்லை. பேச்சி அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை, பேசாமல் வந்து ஏறிக்கொண்டாள்.

குறை சொல்லக்கூடாது, படகுப் பயணம் சொர்க்கம்தான். இரண்டு பக்கமும் தென்னை, வாசலிலேயே தோணி கட்டிய வீடுகள், மீன் பிடிக்கிற பெரிய பெரிய சீனவலைகள். ஒரு மணிக்கு ஒரு துறையில் நிறுத்தினார்கள். மீன் சாப்பாடு மூன்று ரூபாய். இரண்டு மணிக்கு மழை பிடித்தது. தார்ப்பாயை இறக்கிவிட்டார்கள். பிள்ளைகள் அதன் இடுக்கில் கையை நீட்டி நீட்டி நனைத்துக்கொண்டு ஒரே கும்மாளம். மழை விடவேயில்லை. பாசிக்குள் இரண்டு தடவை படகு மாட்டிக்கொண்டது.

ஆலப்புழையில் இறங்கும்போது மணி ஏழே முக்கால். மச்சான் வீட்டுக்குப் போனால் அவர் மனைவி அழுதபடி வாசலில் நிற்கிறாள். "ஒரு மணிக்கு உங்களைக் கூப்பிடப் போனாவ. ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டேன். நீங்க வராம வரமாட்டேன்னுட்டாவ."

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். கூரைக்குள் நின்றால் எல்லா பஸ்ஸும் தெரியாது என்று, வண்டி திரும்புகிற இடத்தில் வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பஸ்ஸு எங்கயும் கவுந்துட்டோன்னு பயந்துட்டேன் மாப்ள. பிள்ளைக வந்துட்டாளுவளா?"

"பஸ்ஸுல இல்ல, போட்டுல வந்தோம் மச்சான்" என்றேன்.

"போட்டுலயா? நல்லதாப் போச்சு" என்றார்.

காலையில் அவருக்கு நெருப்பாய்ச் சுட்டது. மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் முதுகைத் தாங்கிப் பிடிக்க, கோமதியை மடியில் வாங்கினார். பிள்ளை தலையை அசையாமல் பிடிக்க வேண்டியது மாமன்தான். அவர் கையோ கிடுகிடுவென்று நடுங்கியது. நான்தான் சேர்த்துப் பிடித்தேன். ஆசாரி எப்படியோ குத்தி முடித்தார். அலறிய பிள்ளையை அணைத்துக்கொண்டு, "அழாத மக்கா. போட்டு எப்படி இருந்துச்சு, மாமாவுக்குச் சொல்லு பாப்போம்" என்றார். அவளும் விக்கிக்கொண்டே மழையில் கை நனைத்த கதையைச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மதியமே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பேச்சியை அங்கே விட்டு, பிள்ளைகளோடு பஸ்ஸில் திரும்பினேன். பதினோராம் நாள் தந்தி வந்தது.

குடும்பத்தோடு ஆலப்புழை போகிறவர்கள் இப்போதும் என்னிடம் வழி கேட்பார்கள். பஸ்ஸில் போங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பேச்சி என்னை இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. இவள் ஏன் திட்டமாட்டேன் என்கிறாள் என்று குமைந்து குமைந்து, மாரியப்பனின் வருஷத் திதி அன்று நானே கேட்டுவிட்டேன்.

"உங்களை எப்படித் திட்டுவேன்?" என்றாள். "எனக்கும் போட்டுல ஏற ஆசையாத்தான் இருந்துச்சு. வேண்டாம்னு இன்னொரு தடவை சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீய. நான்தான் சொல்லல."