ரெண்டு பட்டை

குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் விடியும்போது பிரான்சிஸ் லாரியை எடுத்தான். கோயமுத்தூர் கணபதியில் அவர்கள் வீட்டுச் சந்துக்குள் டிரைலர் நுழையாது என்பதால் சத்தி ரோட்டோரம் நிறுத்தியிருந்தான். பின்னால் காற்றாலைக் கோபுரத்தின் ஒரு துண்டு, அவர்கள் வீட்டைவிட நீளமாகக் கிடந்தது. கோவிலில் கொடுத்த ஓலையைச் சிலுவையாக மடித்துக் கொண்டுவந்திருந்த அவன் மனைவி கிருபா, அதைக் கண்ணாடிக்கு முன்னால் செருகிவிட்டு இறங்கினாள்.

"பெரிய வெள்ளிக்குள்ள வந்துருவீங்களா?"

"வியாழக்கெழமையே வந்துருவேன். ஈஸ்டருக்குக் கறி சொல்லி வெய்யி அம்மணி."

லாரி கிளம்பிப் போனது. அத்தனை பாரத்துக்கும் அதன் பின்பக்கம் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. கிருபாவுக்குப் பிடிக்காமல் போனது அதுதான்.

அவள் அப்பன் அன்னூர்ப் பக்கம் பண்ணையத்தில் பருத்தி மூட்டை ஏற்றியவர். மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு லாரியின் பின்பக்கம்தான் தராசு. "வண்டி உக்காந்துருச்சுங்க" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் பண்ணையக்காரரும் மறுபேச்சுப் பேசமாட்டார். அச்சு முறிந்தால் ரோட்டில் கிடக்கப்போவது அவர் சரக்குத்தானே. கிருபா அதைப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகிக் கணபதிக்கு வந்து, மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், ரோட்டில் போகும் லாரியை முதலில் பின்னால்தான் பார்ப்பாள்.

பிரான்சிஸ் பல வருசம் அடுத்தவன் வண்டி ஓட்டியவன். கடைசியில் ஒரு பழைய ஆறு சக்கர லாரியை அவள் பேரில் வாங்கினான். பிள்ளையில்லாத வீடு. "உனக்குப் பொறந்தது ஆறு காலோட பொறந்துருச்சு அம்மணி" என்று பக்கத்து வீட்டு ராமாத்தாள் கேலி பேசுவாள். கிருபாவும் சிரித்துக்கொள்வாள்.

தொண்ணூற்றைந்து வாக்கில் உடுமலை, பூளவாடிப் பக்கமெல்லாம் காற்றாலைகள் முளைத்தன. கோபுரத் துண்டுகளை இழுத்துப் போக வண்டி தேடிக்கொண்டிருந்த காண்ட்ராக்டர் அரங்கசாமி, டிரைலர் தன்னுடையது, இழுக்க லாரி மட்டும் கொண்டு வா என்றார். பிரான்சிஸ் பாடியைக் கழற்றிவிட்டு, டிரைலரின் கழுத்து வந்து உட்காரப் பின்னச்சுக்கு மேல் வட்டத் தட்டு ஒன்றை வைத்தான். முதல்தரம் பாரத்தோடு மாட்டியதும் லாரி பின்பக்கம் சப்பென்று உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் தூக்கிக்கொண்டது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் புளியமரத்துக் கொப்பில் விழுந்தது.

அரங்கசாமி அண்ணாந்து பார்த்தார். "ஏம்ப்பா பிரான்சிசு, இந்த லைட்டு ரோட்டப் பாக்கறக்கா, வௌவாலு புடிக்கறக்கா? வண்டிய நிமித்திக் கொண்டா. வருசம் பூரா வேல தாரேன்."

வண்டியை நிமிர்த்துவதற்குப் பாலுசாமியின் பட்டறைக்குப் போனார்கள். லாரி அச்சுக்கு மேல் அடுக்கடுக்காக வளைந்து கிடக்கும் இரும்புப் பட்டைகளைக் கழற்றி மாட்டுவதுதான் அங்கே வேலை. வண்டி தன் பேரில் இருப்பதால் கிருபாவும் கூடப் போயிருந்தாள்.

பாலுசாமி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "மூணு வழி இருக்குது. ஒண்ணு, இருக்கற கட்டுலயே ரெண்டு பட்டை சேத்தறது. வண்டி கல்லாட்ட நிக்கும். காலியா வாரப்ப உன்ற இடுப்புக் களண்டுரும். ரெண்டாவது, மேல தனியா ஒரு சின்னக் கட்டு, ஹெல்பர்ம்பாங்க. பாரம் ஏறி வண்டி சித்தெ உக்காந்தப்பறந்தான் அது தாங்கும். மூணாவது, இத வித்துப்போட்டுப் பத்துச் சக்கரம் வாங்கறது."

"மூணாவது அடுத்த பொறப்புக்குங்ணா" என்றான் பிரான்சிஸ்.

"எதப் போட்டாலும் ஒண்ணு சொல்லிப்போடறேன். பட்டை வண்டியத் தூக்கி நிறுத்தும். பிரேக்கு அதே பிரேக்குத்தான். அச்சும் அதே அச்சுத்தான்."

"ரெண்டாவதே போடுங்க" என்றாள் கிருபா. "கொஞ்சமாவது உக்காரட்டும். பாரம் ஏறுனா வெளிய தெரியோணுமில்லீங்க?"

பிரான்சிஸ் சிரித்தான். "தெரிஞ்சா வேல குடுக்கமாட்டாங்க அம்மணி. அவுங்களுக்கு நிமிந்து நிக்கோணும்."

அதுவும் உண்மைதான். முதல் வழிப்படியே ரெண்டு பட்டை ஏறின. பெயின்டும் அடித்து நிறுத்தியபோது லாரி கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றது. அரங்கசாமிக்கு ரொம்பத் திருப்தி.

அந்தத் திருப்தியில்தான் வினை இருந்தது. கோபுரத் துண்டை ஏற்றின பிறகும் லாரி அசையாமல் நிற்பதைப் பார்த்த அரங்கசாமியின் ஆட்கள், டிரைலரில் மிச்சமிருந்த இடத்தில் போல்ட்டுப் பெட்டிகளை அடுக்கினார்கள். அடுத்த நடைக்குக் கேபிள் உருளைகள் ஏறின. "போதுங்க" என்றான் பிரான்சிஸ். "வண்டி சும்மா நிக்குதுல்லப்பா" என்றார்கள். என்னத்தைக் காட்டி அவன் மறுப்பான்? வண்டி வாய்விட்டுச் சொல்கிற ஒரே பேச்சையும் அவனே அடைத்துவைத்திருந்தான்.

அந்தத் திங்கட்கிழமை குண்டடத்துக்கு அப்பால் ஓர் இறக்கத்தில் டிரைலர் லாரியைப் பின்னாலிருந்து தள்ளியது. பிரேக்கு பிடிக்கவில்லை. கீழே சின்னப் பாலத்தில் பால் கேனோடு சைக்கிளில் வந்தவர் அங்கேயே போய்விட்டார். பிரான்சிஸ் இறங்கிப் பார்த்தானாம். ஆட்கள் ஓடிவருவதைக் கண்டதும் சோளக்காட்டுக்குள் இறங்கி ஓடினானாம். ஸ்டேசனில் சொன்னதுதான் இவ்வளவும்.

கிருபா பாலுசாமியைக் கூட்டிக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போனாள். முன் பம்பர் மடங்கியிருந்தது. பாலுசாமி குனிந்து பின்னால் பார்த்தார். "பட்டைக்கு ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். ஸ்டேசன் வாசலில் வேப்பமரத்தடியில் அந்தப் பாரத்தோடும் லாரி நிமிர்ந்துதான் நின்றது.

ஈஸ்டர் போனது. சொல்லி வைத்த கறியை வேண்டாமென்று ராமாத்தாளே கடையில் போய்ச் சொல்லிவந்தாள். டிரைவர்கள் இப்படி ஓடுவதும், பத்து நாள் கழித்து வக்கீலோடு வந்து நிற்பதும் வழக்கந்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். பத்து நாளும் போனது, கிறிஸ்துமஸும் போனது. விடுவித்துக் கொண்டுவந்த லாரி பாலுசாமியின் பட்டறை ஓரத்திலேயே நின்றது. வருகிறவனுக்குத் தொழிலுக்கு வண்டி வேண்டுமே என்று கிருபா விற்காமல் வைத்திருந்தாள். பகலெல்லாம் காயில் சுற்றினாள். செத்தவர் வீட்டார் போட்ட வழக்குக்கு, வண்டி அவள் பேரில் என்பதால், அவளே போய் நின்றாள். செத்தவரின் மனைவியும் இவளும் கோர்ட்டு வராந்தாவில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

இரண்டு வருசம் கழித்து, இனி அவன் வரமாட்டான் என்று அவளுக்கே பட்டபோது, விற்கச் சம்மதித்தாள். அன்னூரிலிருந்து சரவணன் என்கிற ஜல்லி வியாபாரி வந்து லாரியைச் சுற்றிப் பார்த்தார். "பழசானாலும் நல்லா நிக்குதுங்க" என்றார்.

பாலுசாமி கிருபாவைத் தள்ளி அழைத்துப்போய், "அந்த ரெண்டையும் களட்டிப்போட்டுக் குடுத்தரலாமா அம்மணி?" என்றார்.

"நிக்கறதப் பாத்துத்தான வாங்கறாரு" என்றாள் கிருபா. "இருக்கட்டுங்க."

அதன் பிறகு அதே லாரியைச் சத்தி ரோட்டில் சிலதரம் பார்த்தாள். பாடி கட்டி, முன்நெற்றியில் இருந்த அவள் பேரை அழித்து, பக்கப் பலகைக்கு மேல் ஜல்லி கோபுரமாய்க் குவிந்திருக்க, அது நிமிர்ந்தே போய்க்கொண்டிருந்தது.

தொண்ணூற்றொன்பது மழைக்காலத்தில் ஒருநாள் காயில் பட்டறை வாசலில் முன்பின் தெரியாத டிரைவர் ஒருவர் வந்து நின்றார். வடக்கே போய்த் திரும்பியவர். நாக்பூருக்கு அப்பால் ஒரு டயர்க் கடையில் கோயமுத்தூர்ப் பேச்சுப் பேசுகிற ஆள் ஒருவர் இருந்தாரென்றும், பேர் சொல்லவில்லையென்றும், கணபதியில் கிருபா என்று விசாரித்து ஒரு தகவல் சொல்லச் சொன்னாரென்றும் சொன்னார்.

கிருபா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள்.

"வண்டிய விக்கறதா இருந்தா, அந்த ரெண்டு பட்டையக் களட்டிப்போட்டு விக்கச் சொன்னாருங்க."

"வேற?"

"வேறொண்ணும் சொல்லலீங்க."