சுவருக்கு மேல் தொங்கிய பல்பு

முதுநகரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அடுப்படிக்கு நடுவே ஒரு சுவர் இருந்தது. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டபோது எழுப்பியது. ஆள் உயரம் வந்ததும் கொத்தனாரோடும் சண்டை போட்டு அவரை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி சமைப்பாள், இந்தப் பக்கம் நான். ஆண்களுக்குள் பேச்சு இல்லை. நாங்கள் சுவருக்கு மேலாகக் கறிவேப்பிலை கொடுத்து வாங்கிக்கொள்வோம்.

2008-ல் மின்வெட்டு போட்டு வாட்டியது. கரன்ட் இருக்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் குண்டு பல்பு எரியும். அடுப்புச் சூடு போதாதென்று அதன் சூடும் தலையில் இறங்கும். ஒருநாள் அக்கா சொன்னாள்:

"ரெண்டையும் கழட்டிடலாம். சுவத்து மேல ஒரே ஒரு சிஎஃப்எல் பல்பு தொங்கவுட்டா ரெண்டு பேருக்கும் போதும். கரன்டும் ஜாஸ்தி இழுக்காது."

"மாமா பாத்தா?" அவள் வீட்டுக்காரரைத்தான் சொன்னேன்.

"அவரு என்னிக்கு அடுப்படிக்கு வந்தாரு?"

திருப்பாதிரிப்புலியூரில் பல்பு வாங்கி, அவள் பக்கத்திலிருந்து ஒயர் இழுத்துக் கட்டினோம். வெள்ளை வெளிச்சத்தில் பருப்பில் கிடக்கும் கல்கூடத் தெரிந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமாவுக்குச் செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி வேலை. ஒரு சாயங்காலம் அங்கே யாரோடோ தகராறு செய்துவிட்டு, குடித்துவிட்டு வந்தார். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் நுழைந்தவர் பல்பைப் பார்த்தார்.

"என் கரன்ட்ல அவன் பொண்டாட்டி சமைக்கிறாளா?"

மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து வீசினார். பல்பு வெடித்தது. கண்ணாடிச் சில்லு என் மீன்குழம்பில் விழுந்தது. அடுப்பு நெருப்பைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துத் தாவினார். மேல்வரிசைக் கற்கள் அவரோடு சேர்ந்து சரிந்தன. அண்ணனின் கழுத்தைப் பிடித்து, தலையைச் சுவரில் மோதினார். மறுபடியும் மோதினார். மாமாவின் முகத்தில் வழிந்த ரத்தம் அந்த இருட்டில் கறுப்பாகத் தெரிந்தது.

"உடு தம்பி! செத்துருவாரு!" அக்கா அலறினாள்.

அவர் விடவில்லை. நான் சரிந்த கற்களை மிதித்து ஏறி அந்தப் பக்கம் குதித்து, அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். அக்கா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த வாணலியைத் தூக்குவது தெரிந்தது. என் வீட்டுக்காரர் விலகிக்கொண்டார். எண்ணெய் என் தோளிலிருந்து முழங்கை வரை இறங்கியது. நான் கத்திய கத்தலில்தான் சண்டை நின்றது.

ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். எனக்குக் கட்டு போட்ட டாக்டர், எப்படி ஆனது என்று கேட்டார்.

"அப்பளம் பொரிக்கும்போது கவுந்துடுச்சு" என்றேன். அக்கா ஊற்றினாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

சுவரை உத்தரம் வரை உயர்த்தினார்கள். ஆளுக்கு ஒரு பல்பு ஆனது. கொஞ்ச காலத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பந்தியில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஒன்றுமே நடக்காதது மாதிரி. நானும் அக்காவும்தான் முகம் பார்க்க முடியாமல் இருந்தோம்.

மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரத்தில் என் அம்மா வீட்டுக்கு எல்லோரும் போனோம். ஆண்கள் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். கொத்சுக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா என் கையை இழுத்து, சுருங்கிப்போன தோலைத் தடவிப் பார்த்தாள்.

"ஒன்ன பாத்து ஊத்தலடி."

"தெரியும்க்கா. அவரப் பாத்துதான் ஊத்தின."

அவள் மறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி எம் புருஷன் கழுத்துல கை வெச்சா மறுபடியும் ஊத்துவேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. "நானா இருந்தாலும் ஊத்தியிருப்பேன்" என்றேன்.

அன்றைக்குத்தான் நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்தோம்.