லடாக்கிலிருந்து ஒரு 'நல்லாத்தான் இருக்கேன்'

போன தை மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இலஞ்சியில் என் தங்கை கல்யாணி வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, கண்ணைச் செருகுகிற நேரம். அவள் போன் அடித்தது. லடாக்கிலிருந்து அவள் வீட்டுக்காரர் சுடலைமுத்து.

மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறார். நம்ம தென்காசிப் பக்கம் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த முறை அவரைப் போட்டிருந்தது ரொம்ப உயரமான ஒரு மலைக் காவல் போஸ்டில். வீடியோ கால் எல்லாம் அங்கே எடுபடாது. குரல் மட்டும்தான். அதுவும் சிக்னல் மனசு வைத்தால்!

அவ்வளவு உயரத்தில் மனுஷக் குரலுக்கு என்ன ஆகும்? எனக்குக் கல்யாணி சொல்லித்தான் தெரியும். காற்று மெலிசு. பேச மூச்சு பத்தாது. ரெண்டு மூணு வார்த்தை பேசினால் ஒரு நிறுத்தம். குளிரும் வறட்சியும் தொண்டையைக் காயவைத்து, குரலே கரகரத்துப் போகும்.

"மொத தடவ யாரோ ராங் நம்பர்னு நெனச்சு கட் பண்ணிட்டேன் அண்ணே" என்று ஒருநாள் சிரித்தாள். அப்புறம் பழகிவிட்டது. அந்தக் கரகரப்பும், அந்த நிறுத்தங்களும் அவளுக்கு மனப்பாடம்.

அன்றைக்கு எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்... ஆச்சு."

"சத்தம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"சளி... நல்லாத்தான்... இருக்கேன்."

எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. கல்யாணி எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள். போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"நடந்துக்கிட்டே பேசுதீங்களா?"

"இல்ல... படுத்து... கிடக்கேன்."

படுத்துக் கிடக்கிற மனுஷனுக்கு வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்குமா? நடுவில் இருமினார். வறட்டு இருமல் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு களகளப்பு. மகள் பேரைச் சொல்ல வந்தவருக்கு நாக்கு குழறியது.

கல்யாணியின் முகம் வெளுத்துவிட்டது.

"பக்கத்துல யாரு இருக்கா? போனக் குடுங்க."

"எதுக்குட்டி... சும்மா..."

"குடுங்கன்னு சொல்லுதேம்லா!"

வாங்கியவர் பிஜு. அதே போஸ்டில் இருக்கிற கொல்லத்துக்காரர். தமிழ் அரைகுறை. ஆனால் என் தங்கைக்கு மலையாளம் தண்ணிபட்ட பாடு. அவள் வேலை பார்ப்பது செங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில். கேரள எல்லை தாண்டி வருகிற ஆரியங்காவு, புனலூர் ஆட்கள்தான் அங்கே பாதி கஸ்டமர்.

"சேட்டா, ஆளுக்கு தீரெ வய்யா! இது ஜலதோஷமல்ல! இப்போத்தன்னெ டாக்டரெ காணிக்கணும்!"

அவருக்குச் சுத்தமாக முடியவில்லை, இப்பவே டாக்டரிடம் காட்டுங்கள் என்று கத்தினாள் பாருங்கள்... தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"பேடிக்கண்டா சேச்சி. ஞான் கொண்டுபோகாம்."

பயப்படாதே அக்கா, நான் கூட்டிப் போகிறேன் என்று அவர் சொல்லும்போதே லைன் கட். திரும்ப அடித்தால் போகவே இல்லை.

கல்யாணி அழவில்லை. மகளின் யூனிஃபார்மை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். "ஏட்டி, ஒண்ணும் இருக்காது" என்றேன். "அது அவரு குரலே இல்ல அண்ணே" என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிஜு கூப்பிட்டார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதாம். அந்த உயரத்தில் சிலருக்கு அப்படி ஆகுமாம். மாப்பிள்ளைதான் வெறும் சளி என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறார். ஆக்சிஜன் கொடுத்து, கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். விடியட்டும் என்று விட்டிருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னாராம்.

அப்போதுதான் கல்யாணி அழுதாள்.

பிழைத்துவிட்டார். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் சமவெளியில் ஒரு யூனிட், இப்போது லீவு. போன வாரம் குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவியில் கூட்டத்துக்குள் புகுந்து, தலையைக் காட்டிக்கொண்டு நின்றவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது? பாக்கி இல்லாமல் எல்லாச் சாமிக்கும் சொல்லிவைத்தேன். என் தங்கையின் காதுக்கும். பாவாடைத் துணியைப் புரட்டிப் போட்டுப் பேரம் பேசியே அவளுக்கு மலையாளம் கற்றுக்கொடுத்த புனலூர்ப் பெண்களுக்கும்!

நாமும்தான் தினம் நாலு பேரிடம் போனில் பேசுகிறோம். "நல்லா இருக்கேன்" என்றதும், "சரி, வச்சிரட்டுமா?" என்று வைத்துவிடுகிறோம். சொன்னதைக் கேட்கிறோம்; சொன்ன குரலைக் கேட்கிறோமா?

பிஜுவும் லீவில் வந்திருந்தார். கொல்லம் ரயிலில் ஏறி, செங்கோட்டையில் இறங்கி, நேரே இலஞ்சி வந்துவிட்டார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கல்யாணி எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள். ஆளைப் பார்த்ததும் முதல் வேலையாக இலையைப் போட்டாள். இலையில் சோற்றை வைத்துக்கொண்டே இருந்தாள். அவர் கையால் இலையை மறைத்துக்கொண்டு, பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொல்லிச் சிரித்தார்.

"சேச்சி அன்னைக்குப் போட்ட சத்தத்துக்குப் போனே வேண்டாம்... வாசல்ல நின்னு கூப்பிட்டாலே லடாக்ல கேட்டிருக்கும்!"