ஸ்டென்ட் அவருக்கு, சந்தேஷ் எனக்கு

இவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து எங்கள் டாக்குரியா ஃப்ளாட்டுக்கு ஒரே விருந்தாளிகள். கொல்கத்தாவில் நோயாளியைப் பார்க்க யார் வெறுங்கையோடு வருகிறார்கள்? ஆளுக்கொரு சந்தேஷ் பெட்டி.

இவர் ஓட்ஸ் கஞ்சி குடித்துவிட்டு ஏரியைச் சுற்றி நடந்தார். பால் இனிப்பு வீணாகக் கூடாதே என்று நான் தின்று தீர்த்தேன்.

இன்று செக்கப். இவருடைய ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர், "ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, வங்காளி வழக்கப்படி அண்ணி என்று அழைத்தார். "பௌதி, நீங்க கொஞ்சம் இப்படி உக்காருங்க."

பிரஷர் பட்டையை என் கையில் சுற்றினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"நாளையிலேருந்து நீங்களும் நடக்கணும். ஸ்வீட் தொடவே கூடாது."

இவர் முகத்தில்தான் எவ்வளவு பிரகாசம்!

டாக்ஸியிலேயே ஊருக்கெல்லாம் போன் போட்டு நல்ல சேதி சொன்னார். வீட்டுக்கு வந்தால், எதிர் ஃப்ளாட் மாஷிமா வாசலில் பெட்டியோடு நிற்கிறார்.

"பயப்படாதேம்மா, சர்க்கரையே கிடையாது. எல்லாம் வெல்லம்தான்."

என் பிரஷரைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் என்னைப் பார்க்க இன்னொரு பெட்டி வரும்.

பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது வந்து இதை எடுத்துப் போங்களேன். தயவுசெய்து வெறுங்கையோடு வரவும்.