வாவியைத் தேடிய கொம்பியூட்டர்

எனக்கு எழுத்து வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதத் தொடங்கினால் முன்னுக்குப் பின் மாறிவிடும், சிலது மறந்தும் போகும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நோர்வேயில் எங்கள் வீட்டுக் கொம்பியூட்டருக்குப் போன பனிக்காலத்தோடு ஒரு வருத்தம் பிடித்தது. எழுத்து அடிக்கிற புரோகிராமைத் திறந்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். நான் தேத்தண்ணி ஊற்றி, ஆற்றி, குடித்து முடித்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊரில் கரண்ட் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. இங்கே எல்லாம் இருந்தும் ஒன்று அசையாமல் நிற்பது எனக்குப் புதினமாக இருந்தது. என் மருமகள் பவானிக்கு அது வயிற்றுப்பாடு. சண்டை முடிந்து முகாம்களிலிருந்து தப்பி இங்கே வந்த சனங்கள் சொல்வதை நோர்வே பாசையில் மாற்றி அடித்துக் கொடுப்பதுதான் அவளுடைய வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் சோறு அதுதான். இன்னொரு முறை பிந்தினால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று வேலை கொடுக்கிற கந்தோரில் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த தெருவில் கொம்பியூட்டர் திருத்துகிற வெள்ளைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். பலகாரம் வைத்தேன். "நெய்" என்றார். வேண்டாம் என்பதற்கு அவர்கள் சொல்வது அது. வெட்கத்தில் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் இரண்டு வைத்தேன். மனிதர் பாவம், முழுவதையும் சாப்பிட்டார். பிறகு நெட்வேர்க் வயரைப் பிடுங்கினார். புரோகிராம் உடனே திறந்தது. வயரைத் திரும்பச் செருகிப் பூட்டினார். திரும்பவும் வட்டம். மிசினில் பிழையில்லை, இது எதையோ தேடுகிறது என்று சொல்லி, திரையில் ஓரிடத்தைக் காட்டினார். ஒரு பெயர், அதில் பிழைக்குப் போடுகிற மாதிரிச் சிவப்பாக ஒரு புள்ளடி. பெயர் வாவி.

எங்கள் ஊர் வாவியை நினைத்து என் மகன் வரதன் தன்னுடைய கொம்பியூட்டருக்கு வைத்த பெயர் அது. வீட்டிலிருந்த இரண்டு கொம்பியூட்டரையும் அவன்தான் தொடுத்து வைத்தான். பிரிண்டரும் படங்களும் அவனுடையதில். அவன் ஊருக்குப் போன பிறகும் பவானி காலையில் விளக்கேற்றிவிட்டு அதையும் போட்டு வைப்பாள். போன பனிக்காலத்தில் அது கருகி மணத்தது. கீழறையில் கொண்டுபோய் வைத்தோம். பவானி வேலை செய்கிற மற்றதுக்கு அது தெரியாது. எதைத் திறந்தாலும் வாவியைக் கூப்பிட்டுவிட்டு, மறுமொழிக்குக் காத்து நின்று, அதற்குப் பிறகுதான் திறக்கிறது.

எனக்கு அது நல்லாக விளங்கியது. சுனாமியென்று கடல் ஊருக்குள் வந்த கிழமை நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தேன். ஒரு மாஸ்டர் ஒலிபெருக்கியில் காணாத ஆட்களின் பெயர்களை வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும், ஆள் எழும்புமோ என்று பார்த்து நிற்பார். அடுத்த பெயருக்குரிய சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும். என் மகளின் பெயருக்கும் அப்படித்தான் நின்றார். மறுகா அவளை மணலுக்குள் கண்டோம்.

அதைக் கேட்டு வரதன் இங்கே நோர்வேயிலிருந்து ஊருக்கு ஓடி வந்தான். பேப்பர்களைச் செய்து என்னைப் பவானியிடம் அனுப்பினான். "நீ போய் இரம்மா. வாவிக்கரையில உனக்கு ஒரு வீட்டக் கட்டி முடிச்சிட்டு நான் வாறன்" என்றான். அவனுடைய இடத்துக்கு நான் வந்தேன். என்னுடைய இடத்தில் அவன் நின்றான். மறுகா சண்டை வாகரைப் பக்கம் இறங்கியது. வன்னிக்குப் போய்விட்டான் என்றார்கள். சண்டையின் கடைசி நாட்களில் அவனைக் கண்டோம் என்றார்கள். அதற்குப் பிறகு சொல்ல ஆளில்லை. கிரானில் இருக்கிற என் தங்கச்சி ஆடி அமாவாசைக்கு முன் போன் எடுத்து, அவன் பேருக்கும் எள்ளுத்தண்ணி விடட்டோ என்று கேட்பாள். நான் போனை வைத்துவிடுவேன். பவானி பொட்டு வைக்கிறாள்.

இந்தப் பெயரை எடுத்துவிடவா என்று அந்த மனிதர் கேட்டார். பவானி மேசையில் கிடந்த பேப்பர்களை அடுக்கத் தொடங்கினாள். பாசை விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, அவர் இன்னும் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். அது இனி வராதுதானே என்றும் கேட்டார். அவள் எனக்கு அதைத் தமிழில் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"மாமி, நீங்க சொல்லுங்க. எனக்குச் சொல்ல ஒண்ணா."

"எடுக்கச் சொல்லுகா. அவர் கேக்கிறது மிசினைத்தானே."

"ஓம் மாமி. மிசினைத்தான்."

என்றாலும் அவள் சுவரை விட்டுத் திரும்பவில்லை. நான்தான் அவரைப் பார்த்து "யா" என்றேன். வந்த இத்தனை வருசத்தில் ஒரு வெள்ளைக்காரரிடம் நானாக வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

புரோகிராம் பட்டென்று திறந்தது. பவானி போய் முகம் கழுவி, பொட்டைத் திரும்ப வைத்துக்கொண்டு வந்து, அன்றைக்குக் கொடுக்க வேண்டியதை அடித்தாள். யாரோ ஒரு தாய் தன் மகனை எங்கே கடைசியாகக் கண்டேன் என்று சொன்னது. நேரத்துக்குப் போய்விட்டது. வேலையும் கைவிட்டுப் போகவில்லை.

நான் இங்கே அவனுடைய கட்டிலில் படுக்கிறேன். அவன் எனக்கென்று எழுப்பிய சுவர் அங்கே கூரையில்லாமல் நிற்கிறதாம். கொம்பியூட்டர் தெரிந்தவர்கள் யாராவது வாசித்தால், நான் எழுதியதில் பிழை இருந்தால் பார்த்துத் திருத்துங்கள். இன்னொன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். எடுத்த பெயர், உரிய ஆள் வந்து அந்த மிசினைத் திருத்திப் பூட்டினால் தானாகச் சேருமா, அல்லது நாங்கள்தான் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டுமா? பவானியிடம் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.