ஸ்பீக்கருக்குப் பலகை, எனக்கு நாலு ஆள்!

"மேடம், நோ டென்ஷன். ஆத்மி லோக் ஹை... உட்டா லேங்கே!"

போன வாரம் அலிபாக் பக்கம் ஒரு கடற்கரை ரிசார்ட்டில், மானேஜர் எனக்குக் கொடுத்த வரவேற்பு இது. ஆட்கள் இருக்கிறார்கள், தூக்கிவிடுவோம் என்று அர்த்தம். என் வீல்சேருக்கும் ரிசப்ஷனுக்கும் நடுவே மூன்று படிகள்.

போனில் மூன்று தடவை கேட்டிருந்தேன். வீல்சேரில் வருகிறேன், படி உண்டா? மூன்று தடவையும் "ஃபுல் அக்ஸசிபிள் மேடம், கிரவுண்ட் ஃப்ளோர் ரூம்" என்றார்கள். வாசலுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அவர்கள் அகராதியில் அக்ஸசிபிள் என்றால், தூக்க ஆள் இருக்கிறது என்று பொருள்!

உட்டா லேங்கே... மும்பையில் பிறந்து வளர்ந்த நான் இதை எத்தனை இடத்தில் கேட்டிருப்பேன்! ஸ்டேஷனில், பேங்கில், கல்யாண ஹாலில். வாழ்க்கை அலுத்துப் போன இந்திக்காரர்கள் "உட்டா லோ பக்வான்" என்பார்கள். என்னைச் சீக்கிரம் மேலே கூப்பிட்டுக்கொள் என்று. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழுகிறது.

நல்ல மனசோடுதானே சொல்கிறார்கள் என்பீர்கள். ஒரு தடவை தூக்கப்பட்டுப் பாருங்கள். முன்பின் தெரியாத கை அக்குளில் நுழையும். புடவை முழங்காலுக்கு ஏறும். நாலு பேர் மொபைலை எடுப்பார்கள். எல்லாம் முடிந்ததும் பல்லைக் காட்டி தேங்க்யூ வேறு சொல்ல வேண்டும்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. மூன்று வயதில் போலியோ. வீடு வடாலா, ஆபீஸ் மாட்டுங்கா. கடலே சுற்றி வளைத்திருக்கும் ஊர். ஆனால் என் காலில் ஒரு அலை பட்டதில்லை. தூக்கிக்கொண்டு போய் நனைத்துவிடுகிறேன் என்றவர்கள் உண்டு. மறுத்துவிட்டேன். என் சக்கரத்தை நானே உருட்டிக்கொண்டு போய்க் காலை நனைக்க வேண்டும் — அதற்காகத்தான் இந்த ட்ரிப்பே.

"முடியாது. நான் மூட்டை இல்லை" என்றேன் மானேஜரிடம்.

கூட வந்த தங்கை லலிதா காதோரம் கெஞ்சினாள். "அக்கா, எல்லாரும் பாக்கறா. இந்த ஒரு தடவை அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்."

"ஐம்பது வருஷமா அதைத்தான் பண்ணிண்டிருக்கேன். இன்னிக்கு அவா பண்ணட்டும்."

வாசலை அடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். முந்தின நாள் அங்கே ஒரு கல்யாணம். சவுண்ட் சர்வீஸ்காரர்கள் ஆளுயர ஸ்பீக்கர்களை வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். எப்படித் தெரியுமா? அதே படிகளின் மேல் அகலமான பலகை போட்டு, சக்கரத்தில் உருட்டி!

"ஏன், அதைத் தூக்கவில்லையா?" என்று மானேஜரைக் கேட்டேன்.

"டேமேஜ் ஆகிவிடும் மேடம்..." என்றவர், பாதியில் நிறுத்தித் தன் ஷூவைக் குனிந்து பார்த்தார்.

பலகையைப் பிடித்திருந்தவர் சிரித்துவிட்டார். பெயர் ஜெபராஜ். தாராவிக்காரர், ஏறக்குறைய என் வயது. நாங்கள் பேசிய தமிழைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"யக்கா, பெட்டி இறங்குத பலகையில நீங்க ஏறுனா என்ன? உருட்டுங்க. நான் பின்னால நிக்கேன். தொடமாட்டேன்."

தொடமாட்டேன்! அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதருக்குக் கோயிலே கட்டலாம்.

ஏறினேன். செங்குத்துதான். மூச்சு வாங்கியது. கை வலித்தது. ஆனாலும் ஏறிவிட்டேன்.

அடுத்தது மணல். இரண்டடி போவதற்குள் சக்கரம் புதைந்தது. மானேஜர் வாயைத் திறப்பதற்குள் "அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள்" என்றேன். கல்யாண மேடைக்குப் போட்டிருந்த பிளைவுட் ஷீட்டுகள் ஓரமாக அடுக்கியிருந்தன. அதை விரிக்கச் சொன்னேன். ஜெபராஜின் ஆட்கள் விரித்தார்கள். தாண்டியதும் பின்னால் இருந்ததை எடுத்து முன்னால் போட்டார்கள். ஷீட் ஷீட்டாக முன்னேறினேன். கடைசியில் ஈரமணல் வந்தது — சிமெண்ட் ரோடு மாதிரி கெட்டி. அங்கிருந்து தனியாக உருட்டிக்கொண்டு போனேன்.

ஒரு அலை வந்து இரண்டு பாதத்தையும் மூடியது. ஜில்லென்று இருக்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பொய்! வெதுவெதுப்பாக இருந்தது. அழுதேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

லலிதா ஓடிவந்தாள். "ஆச்சா அக்கா? போலாமா?"

"இப்பதானேடி வந்திருக்கேன்!"

இருட்டும் வரை நகரவில்லை.

மறுநாள் கிளம்பும்போது, வாசலில் நிரந்தரமாக ஒரு சாய்தளம் போடுங்கள் என்று மானேஜரிடம் சொன்னேன். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே குழம்பினார். "யாருக்காக மேடம்? உங்களை மாதிரி கெஸ்ட் யாரும் இங்கே வருவதே இல்லையே?"

வாசலில் படியை வைத்துக்கொண்டு, வருவதில்லை என்றால்? வாதாடவில்லை. அங்கேயே உட்கார்ந்து என் சிநேகிதிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன்.

டிசம்பருக்கு மூன்று ரூம் புக் பண்ணியாகிவிட்டது. ஆறு பேர் வருகிறோம் — ஆறு வீல்சேர்!